நாலு வருஷக் குறிப்புகளைத் தூசி தட்டிய கதை

அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலியில் நான் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகள் 1,400க்கு மேல். பாதிக்கு மேல் எழுதிய நாளோடு சரி, அப்புறம் திறந்தே பார்க்கவில்லை. நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் சுமார் 90,000 காகிதச் சீட்டுகளை வைத்து வேலை பார்த்தார் என்று படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்; அவர் ஒவ்வொரு சீட்டுக்கும் எண் போட்டு இன்னொன்றோடு கோத்து வைத்தார், நான் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டேன்.

முதலில் ஏஐயிடம் மொத்தத்தையும் ஒழுங்குபடுத்தச் சொன்னேன். பெரிய தப்பு. "கிணற்று மோட்டார், கண்டென்சர், மாமா சொன்னது" என்ற என் அரைகுறை வரி, மோட்டார் பராமரிப்பு பற்றிய பளபளப்பான கட்டுரையாகிவிட்டது. அதில் மாமாவைக் காணோம். (கோப்புகளின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் பழைய பிரதி இருந்ததால் பிழைத்தேன்.)

குறிப்பை மாற்றி எழுதும் வேலையை ஏஐயிடமிருந்து பிடுங்கிவிட்டு, முதலில் தேட மட்டும் விட்டேன். ஏஐ மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்டும் ஒல்லாமா என்ற மென்பொருளில், பிஜிஇ-எம்3 என்ற மாடல் என் லேப்டாப்பிலேயே ஓடுகிறது. அது ஒவ்வொரு குறிப்பையும் ஓர் எண் வரிசையாக மாற்றி வைத்துக்கொண்டு, சொல் ஒன்றாக இல்லாவிட்டாலும் பொருள் நெருக்கமாக இருப்பதை எடுத்துத் தரும். "மோட்டார் உறுமுது, ஆனா சுத்தல" என்று போட்டேன், கண்டென்சர் (மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் பாகம்) குறிப்பு முதலில் வந்து நின்றது! நான் தங்கிலீஷில் எழுதியவற்றில்தான் தடுமாறுகிறது, அது என் பாவம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வருமான வரியில் சம்பளத்துக்கான நிலையான கழிவு எவ்வளவு என்று தேடியதற்கு, 50,000 ரூபாய் என்று 2023இல் நான் எழுதிய குறிப்பை முதலில் கொண்டுவந்து நிறுத்தியது. புதிய வரி முறையில் 2024 பட்ஜெட்டிலேயே அது 75,000 ஆகிவிட்டது. கோப்பின் தேதியை நம்பவும் முடியாது, வேறு கணினிக்கு மாற்றும்போது அதுவும் மாறிப்போகலாம். அதனால் எழுதிய தேதியைக் குறிப்புக்குள்ளேயே போடுகிறேன், தேடிக் கிடைத்த குறிப்போடு அந்தத் தேதியையும் காட்டும்படி வைத்திருக்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு வருஷமாகத் தொடாத மூன்று குறிப்புகளை எடுத்து ஒவ்வொன்றைப் பற்றியும் ஏஐ என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறது. நான் ஒரு வரி பதில் எழுத வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். எதற்காக இதைச் சேர்த்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அதை ஏஐ ஊகித்தால் மறுபடியும் மாமா காணாமல் போவார்.

போன வாரம் இரண்டை அழித்தேன். மூன்றாவதில் "புதன்கிழமை கண்டிப்பாகக் கேட்கணும்" என்று மட்டும் இருந்தது. யாரிடம் என்று ஏஐ கேட்டது. நானும் அரை மணி நேரம் யோசித்தேன்.