கொம்பு முதலில், எழுத்து பிறகு

பள்ளிக்கூடம் விட்ட பின்னேரங்களில் யாழ்ப்பாணத்துத் தட்டச்சு வகுப்புகளுக்குப் போனவர்கள் எங்களில் பலர். வேலைக்கு உதவும் என்று வீட்டில் சொன்னது இங்கிலிஷ் மெசினைத்தான். எனக்குப் பிடித்தது தமிழ் மெசின். 'கெ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் 'க'. குற்று, அதாவது மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி, இன்னும் அதிசயம். 'க்' வேண்டுமென்றால் குற்றைத்தான் முதலில் தட்ட வேண்டும். அந்த விசைக்கு உருளை நகராது. பிறகு 'க'வைத் தட்டினால், அது குற்றுக்குக் கீழே சரியாக வந்து உட்காரும்.

247 எழுத்துகளை ஒரு விசைப்பலகைக்குள் இப்படி அடக்கியவர் எங்கள் ஊர்க்காரர் என்பது வெளிநாடு வந்த பிறகுதான் தெரிந்தது. ஆர். முத்தையா, 1886இல் சுண்டிக்குளியில் பிறந்தவர். பிழைப்புக்கு மலாயா போய், சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். எங்களைப் போலவே ஊரை விட்டு வந்த ஒருவர் தமிழுக்குச் செய்த காரியம் இது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அவர் பெயரை அறிந்திருக்க வேண்டும்.

அப்புறம் கணினியில் தமிழ் தட்ட பாமினி என்ற எழுத்துரு வந்தது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் 'தமிழ்' தெரியும். வாங்குபவரின் கணினியில் பாமினி இல்லாவிட்டால் அந்த இங்கிலிஷ் எழுத்துகள் மட்டும்தான். அப்படி வந்த மின்னஞ்சல்கள் பலருக்கு நினைவிருக்கும்.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. எங்கள் வீடுகளுக்கு வந்து சேரத்தான் காலம் பிடித்தது. அதில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு. கொம்பை இடப்பக்கம் காட்டுவது கணினியின் வேலை. கண் பார்க்கும் வரிசை போய், நாக்கு சொல்லும் வரிசை வந்துவிட்டது. இதை நான் பெரிய மாற்றமாகவே நினைக்கிறேன். ஒரு சொல்லைத் தேடி எடுக்க முடிவது, ஒருவர் அனுப்பியது எல்லோருடைய திரையிலும் தமிழாகவே தெரிவது, எல்லாம் யூனிகோடு வந்ததால்தான்.

எழுதும் விதமும் மாறிவிட்டது. விமானக் கடிதத்தில் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி இலக்கணமாக எழுதிய அதே நண்பர்கள், இன்று வாட்ஸ்அப்பில் "எப்பிடி இருக்கிறியள்?" என்கிறார்கள். சிலர் போனைப் பார்த்துப் பேசியே எழுதுகிறார்கள். வாசிக்கும்போது அவரவர் குரல் கேட்கிறது. அந்தக் கடிதத் தமிழின் அழகு எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் இந்த ஊர்ப்பேச்சு எழுத்தில் ஏறியதில் வரும் சந்தோஷம் வேறு.

எங்கள் சங்கத்தின் பழைய மலர்கள் இன்னும் பாமினிக் கோப்புகளாகவே கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்ற மென்பொருள் இருக்கிறது. மாற்றியதைப் பிழை பார்க்கத்தான் ஆட்கள் வேண்டும். அந்தக் கட்டுரைகளில் வரும் ஆசிரியர்களையும் ஒழுங்கைகளையும் தெரிந்தவர்கள் பார்த்தால்தான் சரியாக வரும். நேரமுள்ளவர்கள் மலர்க்குழுவுடன் சேர்ந்துகொள்ளுங்கள்.