பழைய போர்டு, புது பிராசஸர்: 20,000 ரூபாய்க்குள் ஒரு அப்கிரேடு

2018 கடைசியில் அசெம்பிள் செய்த சிஸ்டம் இது. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 1600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக, விண்டோஸுக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி, படங்களுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. பள்ளிக்கரணையிலும் பழவேற்காட்டிலும் எடுக்கும் பறவைப் படங்களை டார்க்டேபிளில் திருத்துவதுதான் இதில் எனக்கு முக்கிய வேலை. பையன் எப்போதாவது கேம் ஆடுவான்.

மெதுவாக இருக்கிறது என்பது பல நாள் குறை. ஆனாலும் கையைப் பிடித்து இழுத்தது விண்டோஸ் 10தான். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடியும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது; முதல் தலைமுறை ரைசனோ விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் பட்டியலிலேயே இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம், பலர் ஏற்றியிருக்கிறார்கள். எப்படியும் செலவு செய்யத்தான் போகிறோம், பிராசஸரையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று 2025 ஜூன் மாதம் உட்கார்ந்தேன். 20,000-க்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று வீட்டில் பேச்சு.

முதலில் எதையும் வாங்கவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஓரமாக வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்தேன். இதை யார் கேட்டாலும் சொல்வேன்: பார்ட்ஸ் பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் இதற்குச் செலவழியுங்கள். படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் நின்றது, பிராசஸர் சும்மா உட்கார்ந்திருந்தது. குரோமும் டார்க்டேபிளும் சேர்ந்து திறந்திருந்தால் மெமரி 95-ஐத் தொட்டது. பிராசஸர் முழு மூச்சில் ஓடியது திருத்திய படங்களை எக்ஸ்போர்ட் கொடுத்தபோது மட்டும்தான். ஆக, என் எரிச்சலில் பாதிக்கு மேல் காரணம் டிஸ்க்கும் ராமும். பிராசஸர் மூன்றாவது இடம். கிராஃபிக்ஸ் கார்டு பட்டியலிலேயே வரவில்லை. வாங்கத் துடித்தது என்னவோ அதைத்தான்!

போர்டையும் மாற்றிவிடலாமா என்று கணக்குப் போட்டேன். ஏஎம்டியின் புது சாக்கெட்டான (பிராசஸர் உட்காரும் இடம்) ஏஎம்5 என்றால் புது போர்டு, டிடிஆர்5 ராம், பிராசஸர் மூன்றும் வேண்டும். எப்படிக் கூட்டினாலும் என் பட்ஜெட்டைப்போல் இரண்டு பங்கு வந்தது. என் போர்டில் இருக்கும் ஏஎம்4 சாக்கெட்டின் நல்ல குணம் இங்கேதான் கைகொடுத்தது. 2017-ல் வந்த முதல் ரைசனும் 2022-ல் வந்த 5000 வரிசைச் சில்லுகளும் அதே சாக்கெட்டில் உட்காரும். போர்டுக்குள்ளேயே இருந்து கணினியை எழுப்பும் மென்பொருளான பயாஸ் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். போர்டு கம்பெனியின் தளத்தில் ஆதரவுப் பட்டியலைத் தேடி, என் மாடலுக்கு நேராக 5500, 5600, 5600ஜி மூன்றும் இருப்பதை உறுதி செய்துகொண்டேன்.

இந்த மூன்றில் எது என்பதில்தான் நிறைய நேரம் போனது. மூன்றுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். 5600-க்கு எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, மற்ற இரண்டுக்கும் 16 எம்பி. 5600ஜி-யில் மட்டும் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. 5600-ல் பிசிஐஇ (கார்டும் எஸ்எஸ்டியும் பிராசஸரோடு பேசும் பாதை) 4.0 உண்டு, ஆனால் பி450 போர்டு 3.0-ஐத் தாண்டாது, அதனால் எனக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கேஷ் அதிகம் இருந்தால் கேமில் நல்ல வித்தியாசம் தெரியும் என்பது உண்மை. ஆனால் 1050 டிஐ போட்டிருக்கும் வீட்டில் அந்த வித்தியாசம் வெளியே வராது, கார்டே முதலில் மூச்சுத் திணறிவிடும். 5500-க்கும் 5600-க்கும் அன்றைய விலையில் சுமார் 2,000 ரூபாய் இடைவெளி. 5500-ஐயே எடுப்பதென்று முடிவு செய்து, அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கம் தள்ளினேன்.

எஸ்எம்பிஎஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேபினெட்டோடு வந்த என் பழைய பெட்டியின் மேல் ‘500 வாட்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துடைத்துப் படித்தேன். 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். இன்றைய கணினியில் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட் என்று அதிகம் யாரும் கேட்காத இடத்தில் கிடந்தது. புதிதாக வாங்கிய, 80 பிளஸ் வெண்கல (bronze) முத்திரை உள்ள 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு மட்டும் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். உங்கள் கேபினெட்டைத் திறந்து இந்த ஒரு ஸ்டிக்கரை மட்டுமாவது படித்துப் பாருங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்லும், பெட்டி தரமானதா என்பதைச் சொல்லாது. அதற்குப் பிரித்துப் பார்த்து எழுதியவர்களின் விமர்சனம்தான் கதி.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் சென்னையின் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம். போன உடனே கடைக்காரர் கேட்ட கேள்வி, “ட்ரே தரவா சார், பாக்ஸ் தரவா?” ட்ரே என்றால் பிராசஸர் மட்டும் தனியாக வரும், ஃபேன் இல்லை, வாரண்டி கடைக்காரர் வாய்ச்சொல். விலை சில நூறு குறையும். பாக்ஸில் ஃபேனும் மூன்று வருஷ வாரண்டியும் உண்டு. பாக்ஸே எடுத்தேன். ஏஎம்டி பெட்டியின் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் மாதிரி வெட்டியிருப்பார்கள். அதன் வழியே தெரியும் சில்லின் மேல் இருக்கும் எண்ணும் பெட்டி லேபிளில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒத்துப் பார்த்துவிட்டேன். “பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சிக்கலாம்ணே” என்றார் இன்னொரு கடைப் பையன். 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கப் போய், நாளைக்கு வாரண்டிக்கு அலையும்போது காட்ட ஒரு காகிதம் இல்லாமல் நிற்பதா? வேண்டாம் தம்பி என்று வந்துவிட்டேன்.

அதே தெருவில் பழைய ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டுகள் நன்றாகவே ஆசை காட்டின. 2022 செப்டம்பரில் ஈதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கை (கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் சம்பாதிக்கும் முறை) கைவிட்ட பிறகு சந்தைக்கு வந்து குவிந்த கூட்டத்தைச் சேர்ந்தவை பல இருக்கும். அதில் 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு. பெயர்தான் 580, உள்ளே கிட்டத்தட்ட 570. பார்த்தேன், வைத்துவிட்டேன்.

கடைசியில் கணக்கு: 5500 பிராசஸர் 7,600, எட்டு எட்டு ஜிபியாக இரண்டு குச்சி, 3200 வேக ராம் 3,700, 500 ஜிபி என்விஎம்இ (போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான எஸ்எஸ்டி) 3,200, எஸ்எம்பிஎஸ் 3,900, தெர்மல் பேஸ்ட் 250. மொத்தம் 18,650. என்விஎம்இ-யில் ஜென் 4 (பிசிஐஇ 4.0) கேட்காதீர்கள் என்று பி450 வைத்திருப்பவர்களுக்குச் சொல்வேன். போட்டால் ஓடும், ஆனால் ஜென் 3 வேகத்தில்தான் ஓடும்.

மாட்டும் வேலையில் முதல் படி பயாஸ். அதைப் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே முடிக்க வேண்டும். புதியதைப் போட்ட பிறகு பழைய பயாஸுக்கு அது யாரென்றே தெரியாது, திரை கறுப்பாகவே இருக்கும். என் போர்டுக்கு நேராகக் கடைசிப் பதிப்புக்குப் போகக்கூடாது, நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுப் போ என்று தளத்தில் எழுதியிருந்தது. பென் டிரைவை எஃப்ஏடி32-ல் ஃபார்மட் செய்து, யுபிஎஸ் சார்ஜ் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு தடவையாக ஏற்றினேன். எங்கள் ஏரியாவில் ஜூன் மாதம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது கூலரைக் கழற்றுவது. ஏஎம்4-ல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். ஏழு வருஷப் பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும்போது கூலரை நேராகத் தூக்கினால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசஸரையும் பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். அதனால் ஒரு எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டுச் சூடாக்கினேன். அணைத்து, ஒயரைப் பிடுங்கி, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகினேன். கல்லில் ஒட்டிய அடை விடுவதுபோல ஒரு சின்ன இளக்கம் தெரிந்தது. அதன் பிறகு தூக்கினேன், சில்லு இடத்திலேயே இருந்தது.

5500-உடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் குட்டியானது. பழைய 1600-உடன் வந்த ரெய்த் ஸ்பயர் அதைவிட உயரம், மாட்டும் ஸ்க்ரூக்களும் அதே இடம். ஸ்பயரின் தூசியைத் தட்டி, புதுப் பேஸ்ட் வைத்து, அதையே மாட்டினேன். என்விஎம்இ-யைப் பிடிக்கும் கடுகளவு ஸ்க்ரூ 2018-ன் மதர்போர்டு டப்பாவுக்குள் ஒரு பாலிதீன் உறையில் பத்திரமாக இருந்தது. பரணில் காலி டப்பா எதற்கு என்று வருஷா வருஷம் போகிக்குக் கேள்வி கேட்கும் வீட்டம்மாவிடம் அதைக் காட்டினேன். “சரி, ஒரு டப்பாக்குக் கணக்கு சொல்லிட்டீங்க. மீதி?” என்றார்.

ஆன் செய்ததும் கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது, தானாகவே ஓரிரு முறை அணைந்து எழும். பயப்பட வேண்டாம், மெமரியைப் பழக்கிக்கொள்கிறது. பிறகு திரையில், புது சிபியு, எஃப்டிபிஎம்-ஐ (பூட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யவா என்று ‘Y’ (ஒய்), ‘N’ (என்) என்ற இரண்டு எழுத்தோடு ஒரு கேள்வி. பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டைப் போட்டிருப்பவர்கள் மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஒய்-யை அழுத்திவிடக் கூடாது. எனக்குப் பூட்டு எதுவும் இல்லை, அழுத்தினேன். ராம் 2400-ல்தான் எழுந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பைப் போட்ட பிறகே 3200. காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் போடாமலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறைய.

என்விஎம்இ-யில் விண்டோஸ் 11 புதிதாக ஏற்றினேன். ஃபோல்டர் திறந்தால் சிறுபடங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. கேமரா தரும் ரா (raw) வகைப் படங்கள் நூறை எக்ஸ்போர்ட் செய்ய முன்பு சுமார் 18 நிமிஷம், இப்போது 11. முழு சுமையில் பிராசஸர் 75 டிகிரியைத் தாண்டவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால், தினமும் எனக்கு உறைப்பது ஃபோல்டர் திறக்கும் வேகம்தான். 7,600 ரூபாய் பிராசஸர் தராத நிம்மதியை 3,200 ரூபாய் என்விஎம்இ தந்திருக்கிறது. பழைய பிராசஸரும் 8 ஜிபி குச்சியும் சேர்ந்து 2,500-க்குப் போயின.

அந்தக் குச்சியை விற்றிருக்க வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு வருஷக் கடைசியில் ராம் விலை ஏறியது. மெமரி தயாரிப்பாளர்கள் ஏஐ சர்வர்களுக்கான சில்லுகளின் பக்கம் திரும்பிவிட, கடையில் டிடிஆர்4-க்கும் தட்டுப்பாடு. நான் 3,700-க்கு எடுத்த ஜோடி அதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் இதே 20,000-ஐ வைத்துக்கொண்டு யாராவது கேட்டால், என்விஎம்இ-யும் எஸ்எம்பிஎஸ்ஸும் புதிதாக, ராம் மட்டும் தன்னிடம் இருப்பதற்கு ஜோடியாக அதே வேகத்தில் பழைய குச்சி ஒன்று, பிராசஸர் கடைசியில் மிஞ்சுவதில் என்று சொல்வேன். பழைய குச்சி வாங்கினால், கொண்டுவந்த அன்றைக்கே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். திருப்பிக் கொடுக்க அநேகமாக ஒரு வாரம்தான் தருவார்கள்.