யூஎஸ்பி சீரியல் கேபிள்: டிரைவரைத் தேடி அலைய வேண்டாம்

சிறு கணினிப் பலகை, ரவுட்டர் போன்றவற்றோடு எழுத்து வழியே பேச யூஎஸ்பி சீரியல் கேபிள் உதவும். கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா கணினிக் கடைகளிலோ ஆன்லைனிலோ மலிவாக வாங்கும் இந்தக் கேபிள்களில் சிஎச்340 (CH340) சிப்தான் அதிகம் கண்ணில் படும். லினக்ஸில் அதற்கென எதையும் நிறுவ வேண்டியதில்லை. சிஎச்341 (ch341) என்ற டிரைவர் மாட்யூல் லினக்ஸின் மையமான கெர்னலோடே வருகிறது. பெட்டியில் இருக்கும் சிடியைத் தொடாதீர்கள்.

கேபிளைச் செருகியதும், இணைந்துள்ள யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையை டெர்மினலில் கொடுங்கள். இந்தச் சிப்பின் அடையாளமான 1ஏ86:7523 (1a86:7523) என்ற எண் வரவில்லையென்றால் கேபிளையோ போர்ட்டையோ மாற்றிப் பாருங்கள். டிரைவருக்கு இன்னும் வேலையே வரவில்லை.

எண் தெரிகிறது, ஆனால் கேபிளுக்கான கருவிக் கோப்பு டிடிஒய்யூஎஸ்பி0 (/dev/ttyUSB0) தோன்றிய வேகத்தில் மறைகிறதா? உபுண்டு 22.04 என்றால் முதலில் பிஆர்எல்டிடிஒய் (brltty) சேவையைச் சந்தேகியுங்கள். பார்வையற்றோரின் பிரெய்ல் கருவிகளை இயக்கும் சேவை அது. சில பிரெய்ல் கருவிகளுக்கும் இதே எண் இருப்பதால், உங்கள் கேபிளையும் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் அந்தப் பெயரோடு ஒரு வரி இருக்கும். பிரெய்ல் கருவி யாரும் பயன்படுத்தாத கணினியென்றால் பிஆர்எல்டிடிஒய் பொதியை நீக்கிவிட்டுக் கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். பயன்படுத்துபவர் ஒருவர் இருந்தாலும் நீக்கவே கூடாது, அவருக்குத் திரையே அதுதான். அப்போது, எந்தக் கருவி செருகினால் என்ன நடக்கும் என்று சொல்லும் யூடெவ் விதிகளில் 85-பிஆர்எல்டிடிஒய் (85-brltty.rules) கோப்பை எட்சி அடைவின் கீழுள்ள யூடெவ் விதிகளுக்குள் (/etc/udev/rules.d) நகலெடுத்து, 1a86/7523 என்று சாய்கோட்டோடு எண் வரும் வரிக்கு முன் # போடுங்கள்.

'பெர்மிஷன் டினைட்' வந்தால் உங்கள் கணக்கை, சீரியல் போர்ட்டைத் திறக்கும் அனுமதியுள்ள டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். உள்நுழையாமல் பலன் தெரியாது.

எழுத்து வருகிறது, தட்டினால் மட்டும் போகவில்லை என்றால் கம்பி வழியே 'அனுப்பலாம்' என்று சைகை கேட்கும் ஹார்ட்வேர் ஃபுளோ கன்ட்ரோலை அணையுங்கள். மினிகாம் (minicom) என்ற சீரியல் நிரலில் அது இயங்கியபடியே வரும்; மூன்று கம்பி இணைப்பில் அந்தச் சைகைக்கான சிடிஎஸ் கம்பியே இல்லாததால், அனுப்ப அனுமதி கிடைக்காமல் காத்திருக்கும். பிகோகாம் (picocom) என்ற இன்னொரு நிரலில் இந்தத் தொல்லை கிடையாது, நான் அதையே பரிந்துரைப்பேன். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தவறு: லினக்ஸ் பலகைகளில் பெரும்பாலும் 115200, சிஸ்கோ நெட்வொர்க் கருவிகளின் கன்சோலில் 9600. திரை வெறுமையாக இருந்தால் என்டரை ஒருமுறை தட்டுங்கள், லாகின் வரி நீங்கள் இணைவதற்கு முன்பே வந்து போயிருக்கும். அப்போதும் மௌனமென்றால் அனுப்பும் டிஎக்ஸ் (TX), பெறும் ஆர்எக்ஸ் (RX) கம்பிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மறுமுனையில் லாகின் வரியைத் தரும் சீரியல்-கெட்டி (serial-getty) சேவை ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையின் பின்களில் 3.3 வோல்ட் டிடிஎல் (TTL) கேபிளை மட்டுமே இணைக்க வேண்டும். ஒன்பது பின் ஆர்எஸ்232 கேபிளின் மின்னழுத்தம் பலகையை எரித்துவிடும்.