பள்ளிகொண்டாவில் கட்டும் சுங்கம்

வேலூரிலிருந்து பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிற வழியில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி. போன மாதம் எங்களுக்கு முன்னால் நின்ற தக்காளி லாரியின் பாஸ்டேக்கில் பணம் இல்லை. பின்னால் ஒரே ஹாரன். ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்த மகன், "அம்மா, நீ இங்கே கட்டும் காசில் ஒரு பங்கு கனடாக்காரர்களின் பென்ஷனுக்குப் போகிறது, தெரியுமா?" என்றான்.

கேலி என்றுதான் நினைத்தேன். அவன் வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததில், உண்மைதான். கிருஷ்ணகிரி–வாலாஜாபேட்டை சாலை 2018-ல் இண்ட்இன்ஃப்ராவிட் என்ற முதலீட்டு அறக்கட்டளைக்குள் போயிருக்கிறது; சாலைகளில் வசூலாகும் சுங்கத்தைப் பணம் போட்டவர்களுக்குப் பங்கிட்டுத் தரும் அமைப்பு அது. அதில் 30 சதவீதத்தைக் கனடா ஓய்வூதியத் திட்டத்தின் முதலீட்டு வாரியம் வாங்கியது. மறு ஆண்டு ஒன்டாரியோ நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான ஓமர்ஸும் உள்ளே வந்தது.

இதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. காரணம் இருக்கிறது.

பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே நாற்பதைத் தாண்டியவள் நான். 2004-ல் தொகுப்பூதியத்தில் கணக்கு ஆசிரியை வேலை; காலமுறை ஊதியம் வந்தது 2006 ஜூனில். அப்போதைய விதிப்படி 1.4.2003 முதல் சேர்ந்தவர்களுக்கு, கடைசிச் சம்பளத்தை வைத்து மாதாமாதம் தரும் பழைய ஓய்வூதியம் இல்லை; சி.பி.எஸ். என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தார்கள், அரசும் அதே அளவு போட்டது. மத்திய அரசு 2004-ல் கொண்டுவந்த தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை. ஆகவே எங்கள் பணம் எல்.ஐ.சி., கருவூலப் பத்திரம் என்பதைத் தாண்டி எந்தச் சாலையையும் பார்த்ததில்லை.

2022 மே மாதம் ஓய்வு பெற்றபோது என் கணக்குத் தாளில் ஏழு மாதப் பிடித்தத்தைக் காணவில்லை. நடுவில் ஒரு பணிமாறுதல். அதில் எங்கோ விழுந்திருக்கிறது. சம்பளப் பட்டியல் எண், வவுச்சர் தேதி எல்லாம் கொண்டுவாருங்கள் என்றார்கள். பழைய சம்பளச் சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நான்கு முறை படியேறினேன். கடைசியில் 16 லட்சத்துச் சொச்சம் மொத்தமாகக் கைக்கு வந்தது. அவ்வளவுதான், மாதாமாதம் ஒன்றும் கிடையாது. பழைய திட்டத்தில் ஓய்வு பெற்ற எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் அகவிலைப்படி உயர்வு வரும்போதெல்லாம் ஜாங்கிரி கொடுத்தனுப்புவார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த ஜாங்கிரி எனக்கு இறங்குவதில்லை.

கனடாக்காரர்களும் எடுத்த எடுப்பிலேயே சாமர்த்தியசாலிகளாக இருந்துவிடவில்லை. முன்பெல்லாம் அவர்களும் ஓய்வூதியப் பணத்தின் உபரியை மாகாண அரசுகளுக்கே கடனாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2015-க்குள் நிதி தீர்ந்துவிடும் என்று கணக்காளர்கள் எச்சரித்த பிறகுதான் விழித்தார்கள். ஊழியரும் முதலாளியும் சேர்ந்து கட்டும் சந்தாவை 5.6 சதவீதத்திலிருந்து 2003-க்குள் 9.9 ஆக்கினார்கள். அமைச்சர்கள் கை வைக்க முடியாத ஒரு முதலீட்டு வாரியத்தை 1997-ல் சட்டம் போட்டு அமைத்தார்கள். அவர்கள் சந்தாவை ஏற்றி முடித்த அதே 2003-ல்தான் இங்கே எங்களுக்குக் கதவைச் சாத்தினார்கள்.

ஒன்டாரியோ ஆசிரியர்களின் நிதி இதைவிட சுவாரசியம். அதுவும் 1990 வரை மாகாணப் பத்திரங்களிலேயே முடங்கிக் கிடந்ததுதான். 2021-ல் நம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் முதலீட்டு அறக்கட்டளையில் 25 சதவீதம் வாங்கியது. எஃப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ நிறுவனத்தில் 95 மில்லியன் டாலரைப் போட்டு 2022-ல் முழுதாகக் கோட்டை விட்டதும் இதே நிதிதான். ஆனால் அதற்காக அங்கே எந்த ஆசிரியையின் ஓய்வூதியமும் குறையவில்லை. பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 சதவீதம், அதிகச் சம்பளம் வாங்கிய ஐந்து ஆண்டுகளின் சராசரியில். முப்பது ஆண்டு பாடம் நடத்தினால் 60 சதவீதம். பற்றாக்குறை வந்தால் ஆசிரியர்களும் அரசும் சேர்ந்து சுமக்கிறார்கள்.

என் மகன் எல்லாவற்றுக்கும் சந்தையே மருந்து என்பான். அவனுக்குச் சிலியைக் காட்டினேன். 1981-ல், பினோசே என்ற ராணுவ சர்வாதிகாரியின் ஆட்சியில், ஆளுக்கொரு கணக்கு, சம்பளத்தில் 10 சதவீதம், தனியார் நிறுவனங்கள் முதலீடு செய்யும் என்று மாற்றினார்கள். முதலாளி ஒரு காசு போட வேண்டாம். ராணுவத்துக்கும் போலீசுக்கும் மட்டும் பழைய முறையே; கொண்டுவந்தவர்களுக்கே அதன் மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவு! கொரோனா காலத்தில் மூன்று முறை பணம் எடுக்க அனுமதித்ததில் பலரது கணக்கு துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. முதலாளிகளும் பங்கு செலுத்த வேண்டும் என்று சட்டம் வர 2025 ஆயிற்று.

பணம் ஊர் சுற்றுவது ஒரு விஷயம், எழுபத்தைந்து வயதிலும் மாதம் பிறந்தால் இவ்வளவு வரும் என்று ஒருவர் பொறுப்பேற்பது வேறு விஷயம் என்றேன். சிலியில் முதலாவது மட்டும் நடந்தது. எனக்கு இரண்டுமே இல்லை. அவன் பதில் சொல்லாமல் காபி போட எழுந்து போனான்.

திரும்பி வரும்போது பள்ளிகொண்டாவில் வரிசையே இல்லை. பாஸ்டேக் 'பீப்' என்றது, தடுப்புக் கட்டை மேலே போனது. "கனடாவுக்கு அனுப்பியாயிற்று" என்றான். எந்த ஊர் நகராட்சி குமாஸ்தாவுக்கோ மூட்டுவலி மாத்திரைக்கு ஆகட்டும், வண்டியை எடு என்றேன்.