சேர் படிப்பித்த மூன்றெழுத்து

எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேர் மறைந்த செய்தி வந்ததும் நினைவு மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டார்கள். அவருடைய கண்டிப்பையும் சைக்கிளையும் மடிப்புக் குலையாத வேட்டியையும் பற்றி இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது அவருடைய ஒரு பாடத்தை. ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணையில் பத்தாம் வகுப்புக்கு அவர் எடுத்த 'செற்' (set) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிய பாடம். அதை எழுதி வைத்த கொப்பிகளில் பெரும்பாலானவை 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டன. அவரும் அதை எங்கும் அச்சில் போடவில்லை. பலருடைய ஞாபகத்தைச் சேர்த்தால் பாடம் இன்னும் முழுதாகவே கிடைக்கிறது. கிடைக்கும்போதே எழுதி வைப்பது நல்லது.

ஆங்கிலத்தில் அது மூன்றே எழுத்து. ஆனால் 1989இல் வந்த ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு அந்த வினைச்சொல்லுக்குத்தான். 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். அடுத்த பதிப்புக்கான வேலையில் ஓடுவதைக் குறிக்கும் 'றன்' 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. இதையெல்லாம் பாடமாக்கி முடிக்க யாராலும் முடியாது. சேருடைய பாடமே பாடமாக்காமல் பிடிப்பது எப்படி என்பதுதான்.

கரும்பலகையின் நடுவில் இரண்டு தமிழ்ச் சொற்களை முதலில் எழுதுவார்: இரு, இருத்து. யாழ்ப்பாணத்தில் 'இருங்கோ' என்றால் உட்காருங்கள் என்றுதானே பொருள். அதனால் அந்தச் சோடி எங்களுக்கு விளக்கமில்லாமலே விளங்கியது. நான் இருக்கிறேன், பிள்ளையைக் கதிரையில் இருத்துகிறேன். ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. பிறகு அவற்றுக்குக் கீழே 'சிற்', 'செற்' என்று எழுதுவார். பழைய ஆங்கிலத்தில் 'சிற்றன்' இருத்தல், 'செற்றன்' இருக்கச் செய்தல். தமிழில் ஈற்றில் நடக்கும் மாற்றம் அங்கே நடுவில் உள்ள உயிரெழுத்தில் நடந்திருக்கிறது. அடுத்தடுத்து மற்றச் சோடிகளும் வரும்: கிட, கிடத்து என்பதற்கு 'லை', 'லே', எழு, எழுப்பு என்பதற்கு 'றைஸ்', 'றெய்ஸ்', விழு, வீழ்த்து என்பதற்கு 'ஃபோல்', 'ஃபெல்'. இங்கே பிள்ளைகள் தடுமாறும் இடத்தை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். 'லை' என்ற தன்வினையின் இறந்தகால வடிவமும் 'லே' தான். 'ஃபோல்' என்பதன் இறந்தகாலமும் 'ஃபெல்' தான். செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

"சொல்லைப் பாடமாக்காதையுங்கோ, அது என்ன வேலை செய்யுது எண்டு பாருங்கோ" என்பார். 'செற்' செய்யும் வேலை, ஒன்றை அதற்குரிய இடத்தில் அசையாமல் இருத்துவது. அதைப் பிடித்துக்கொண்டால் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். சாப்பாட்டு மேசையில் கோப்பைகளை அதனதன் இடத்தில் வைப்பது, பொறி வைப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, மோதிரத்தில் கல் பதிப்பது, மணிக்கூட்டைச் சரியான நேரத்துக்கு வைப்பது, விலை குறிப்பது, வினாத்தாள் தயாரிப்பது, பாட்டுக்கு மெட்டமைப்பது. அச்சுக் கோப்பதும் இதே சொல்தான். ஈய எழுத்துகளைக் கையில் பிடிக்கும் கோல் தட்டில் தலைகீழாக, ஆனால் இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். ஓர் எழுத்து ஆடினாலும் பக்கம் கெட்டுவிடும். இருத்துவது என்பதன் முழுக் கருத்தும் அந்த வேலையில் தெரியும் என்பது அவருடைய எண்ணம். எனக்கும் அதைவிட நல்ல உதாரணம் இன்றுவரை அகப்படவில்லை.

தமிழில் இவற்றில் பலவற்றுக்குத் தனித்தனி வினை இருக்கிறது. அதனால் மொழிபெயர்க்கும்போது 'செற்' என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடக்கூடாது, பின்னால் வரும் பெயரைப் பார்க்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். செயப்படுபொருள் இல்லாத இடங்களில் இது இன்னும் தெளிவு. பொழுது படும், சீமெந்து இறுகும், தயிர் உறையும். ஆங்கிலத்தில் எல்லாம் 'செற்'. சீமெந்தில் ஒரு நுட்பம் உண்டு. அது காய்ந்து இறுகுவதில்லை; தண்ணீரோடு வேதிமாற்றம் அடைந்து இறுகுகிறது. அதனால்தான் இறுகிய பிறகும் பல நாள் தண்ணீர் ஊற்றுகிறோம். இந்தியத் தர அளவின்படி சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து இறுகத் தொடங்க 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, இறுகி முடிய 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. இதைத் தெரியாமல், காய்தலுக்கான ஆங்கிலச் சொல்லை அந்த இடத்தில் போட்ட கட்டுரைகளுக்கு அவர் சிவப்புக் கோடு போட்டுத்தான் திருப்பித் தருவார்.

காலத்தில் இன்னொரு சிக்கல். இந்த வினை எக்காலத்திலும் மாறாது. 'கற்', 'புற்', 'ஹிற்', 'ஷற்' போல நிகழ்காலம், இறந்தகாலம், எச்சம் மூன்றும் ஒரே வடிவம். பின்னால் 'எட்' சேர்ப்பதுதான் வழக்கமான பிழை. படர்க்கை ஒருமையில் மட்டும் வேறுபாடு தெரியும்: நிகழ்காலத்தில் 'ஸ்' ஒலி சேரும், இறந்தகாலத்தில் சேராது. பன்மை எழுவாய் என்றால் நேரத்தைக் குறிக்கும் இன்னொரு சொல் வாக்கியத்தில் கட்டாயம் வேண்டும். அதைத் தேடிப் பார்க்காமல் மொழிபெயர்த்தால் 'வைக்கிறார்கள்', 'வைத்தார்கள்' இரண்டில் எது என்று தெரியாது.

பாடத்தின் கடினமான பகுதி, வினையோடு ஒட்டி வரும் சின்னச் சொற்கள். இதற்கு மட்டும் இரண்டு பாடவேளை எடுப்பார். 'செற் அவுட்' என்பதற்குப் பின்னால் 'ரு' (to) வைத்து வினை வந்தால் ஒரு நோக்கத்தோடு தொடங்குவது. 'செற் எபவுட்' என்றால் வேலையில் கை வைப்பது. அதன் பின்னால் 'இங்' வடிவம்தான் வரும். 'செற் ஓஃப்' பயணம் கிளம்புவதற்கும் வெடியைக் கொளுத்துவதற்கும் பொது. 'செற் இன்' மழை, குளிர், கிருமித்தொற்று போன்ற விரும்பாத ஒன்று வந்து நிலைகொள்வதற்கு. அதற்குச் செயப்படுபொருள் கிடையாது. 'செற் அப்' இரண்டு சொல்லாக எழுதினால் வினை. சேர்த்து எழுதி முதல் அசையை அழுத்தினால் பெயர். 'இற்' என்ற சுட்டு வந்தால் அது நடுவில் போகும்: 'செற் இற் அப்'. ஆனால் 'செற் எபவுட் இற்' மட்டும் பிரியாது. ஏன் பிரியாது? முன்னதில் 'அப்' வினையின் துண்டு. பின்னதில் 'எபவுட்' தனக்குப் பின்னால் வரும் பெயரோடு சேர்ந்த முன்னிடைச்சொல். சாதாரண தரப் பரீட்சைக்கு இவ்வளவு தேவையில்லை. அதைத் தெரிந்தே அவர் படிப்பித்தார்.

கடைசியாகப் பெயர்ச்சொல். தேநீர் செற், ரென்னிஸ் செற், கணிதத்தில் நாங்கள் தொடை என்றும் தமிழ்நாட்டில் கணம் என்றும் படிக்கும் செற். கூட்டம் என்ற கருத்தில் வரும் இது வேறு வேரிலிருந்து வந்தது. இலத்தீனில் ஒருவரைப் பின்தொடரும் குழுவைக் குறித்த 'செக்ற்றா' என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, ஏற்கனவே இருந்த வினையோடு உருவத்தில் கலந்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் இருத்து என்பதில் அடக்கப் பார்க்காதீர்கள் என்று சேரே எச்சரிப்பார். தன் விதி செல்லாத இடத்தையும் தானே காட்டித் தரும் ஆசிரியர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அந்த ஆங்கிலம்தான் எங்களில் பலரை லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் கொண்டுவந்து சேர்த்தது. அவர் ஊரிலேயே நின்று, ஓய்வு பெறும்வரை அதே பாடத்தை எடுத்தார். அதற்குப் பிறகு எடுக்க ஆள் இருக்கவில்லை. இந்தப் பாடத்தை அவரிடமே படித்த எங்களில் சிலராவது ஊரில் ஆங்கில ஆசிரியராக நின்றிருக்கலாம் என்ற எண்ணம் மனதை உறுத்துகிறது. நிதி சேர்த்து வகுப்பறை கட்டிக் கொடுத்தோம். அதற்குள் நின்று படிப்பிக்க ஒருவரையும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிக்கும் நம் பழைய மாணவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இந்தப் பாடம் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். இங்கே பிறந்த பிள்ளைக்கு 'சிற்', 'செற்' வித்தியாசம் பேச்சிலேயே தெரியும். தமிழில் 'பிள்ளையைக் கதிரையில் இருந்தேன்' என்று சொல்லிவிடும். அதற்குத் தெரிந்த ஆங்கிலச் சோடியை முதலில் எழுதி, கீழே இரு, இருத்து எழுதுங்கள். பிறகு இருந்தேன், இருத்தினேன். அடுத்து கிட, கிடத்து, எழு, எழுப்பு. பிள்ளை தானாகவே ஓடு, ஓட்டு என்று தொடங்கிவிடும். பொழுதுபடுதலையும் உறைதலையும் மட்டும் அன்றைக்குத் தொடாமல் அடுத்த கிழமைக்கு வையுங்கள். சேரும் அவற்றை அடுத்த பாடவேளைக்குத்தான் வைப்பார்.