மெதுவாய்ப் போங்கோ

“இப்ப ஓடலாமோ தம்பி?” என்று என் கராஜுக்குக் கார் கொண்டுவந்த பள்ளிக்கூட மாஸ்டர் கேட்டார். “மெதுவாய்ப் போங்கோ மாஸ்டர், பரவாயில்லை” என்றேன்.

பேச்சு அவ்வளவுதான். ஒரு வருடம் ஆகப்போகிறது. கார் நல்லாய் ஓடுகிறது, மாஸ்டரும் சுகமாக இருக்கிறார். எனக்குத்தான் அந்த வசனம் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அவருடைய மொறிஸ் மைனரின் பிறேக் பெடல் அன்று சொன்னது தெளிவான சேதி. மிதித்தவுடன் பிடிக்கிறது. காலை எடுக்காமல் வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது. நான்கு சில்லையும் கழற்றிப் பார்த்தேன், எங்கும் ஒயில் கசிவு இல்லை. வெளியே ஒழுகாமல் பெடல் இறங்கினால், பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் கப் றப்பர் ஒயிலைத் தாண்டவிடுகிறது என்று அர்த்தம். (மாஸ்டருக்கு முன்னால் நின்று “மாஸ்டர் சரியில்லை” என்று சொல்லிவிட்டுச் சிலிண்டரைச் சொல்லக் கொஞ்சம் திணறினேன். அவர் சிரித்தார்.) அந்தக் காரில் நான்கு சில்லுக்கும் ஒரே சிலிண்டர், ஒரே வழி. அது போனால் மிஞ்சுவது கைப்பிறேக் மட்டும்.

தெரிந்துகொண்டுதான் சொன்னேன். புதுச் சிலிண்டர் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் மறுநாள்தான் வரும். அன்று மத்தியானம் அவர் மனைவிக்குக் கிளினிக். இரண்டு தரம் மிதித்தால் பெடல் மேலே வருகிறது. ஆள் 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறவரும் இல்லை. எல்லாம் நியாயம்தான். ஒரு ஓட்டோவுக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்பது இரவு படுக்கும்போதுதான் வந்தது. எங்கள் ஒழுங்கை முகப்பில் மூன்று ஓட்டோ நிற்கும்.

நான் தொழில் பழகியது 1990களில், போரினால் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில். பெற்றோல் கிடையாது. காபரேட்டருக்குள் நாலு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். உதிரிப்பாகம் என்றால் இன்னொரு செத்த காரிலிருந்து கழற்றியதுதான். “ஓடாது” என்று சொல்கிற மெக்கானிக்கிடம் அப்போது யாரும் வரமாட்டார்கள். எப்படியாவது ஓடவைப்பதுதான் கெட்டித்தனம். அந்தப் பழக்கம்தான் அன்று என் வாயால் பேசியது என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மண்ணெண்ணெயில் எஞ்சின் நின்றால் கார் நிற்கும். பிறேக் போனால் கார் நிற்காது. இந்த வித்தியாசம் தெரியாமலா 30 வருடம் ஓடிற்று?

இன்னொன்று. அவரை அனுப்புமுன் கைப்பிறேக் கேபிளை இழுத்து இறுக்கியதாக எனக்கு நல்ல ஞாபகம். காரின் பக்கத்தில் குந்தியிருந்தது, நட்டைத் திருகியது எல்லாம் கண்ணில் நிற்கிறது. “அது திங்கட்கிழமை வந்த ஒஸ்ரின் கார், அண்ணை” என்கிறான் கராஜ் பொடியன்.

மாஸ்டர் திரும்பி வரும்போது மதவடியில் ஒரு மாடு குறுக்கே வந்திருக்கிறது. மிதித்தால் பெடல் நேரே தரைக்குப் போய்விட்டது. கைப்பிறேக்கை இழுத்து, ஸ்ரியறிங்கை வெட்டி, ஒரு கிடுகு வேலியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். ஆளுக்கும் மாட்டுக்கும் ஒன்றுமில்லை. மட்காட்டில் ஒரு கீறல்.

மறுநாள் சைக்கிளில் வந்தார். சைக்கிளை ஸ்ராண்ட் போட்டு நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நீ சொன்ன மாதிரி மெதுவாய்த்தான் தம்பி போனனான்.”

நன்றி சொன்னாரா, குற்றம் சொன்னாரா? நீ சொன்னபடி மெதுவாகப் போனதால் தப்பினேன் என்றாரா, நீ சொன்னதை நம்பித்தான் போனேன் என்றாரா? பிள்ளைகளை அடிக்காமலே அழவைக்கிற வாத்தியார்மார் இருக்கிறார்கள். அவரும் அந்த வகை என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். கேட்டுத் தெளிந்திருக்கலாம். “சிலிண்டர் வந்திட்டுது மாஸ்டர்” என்று மட்டும் சொன்னேன்.

மைனரில் அந்த வேலை பெரிய அலுப்பு. சிலிண்டர் சாரதியின் காலடியில், காரின் அடிச்சட்டமான சசிக்குள் செருகிக் கிடக்கும். ஒயில் விடுவதென்றாலும் விரிப்பைத் தூக்கி மூடியைத் தேடவேண்டும். கழற்றப் போனால் போல்ட்டுக்குக் குறுக்கே டோர்ஷன் பார் (முன்சில்லுக்கு ஸ்பிறிங்காய் வேலைசெய்கிற நீளக் கம்பி) நிற்கும், அதை இளக்கி விலக்காமல் போல்ட் வெளியே வராது. அரை நாள் போயிற்று. கழற்றிய சிலிண்டருக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், நகத்தில் தட்டுகிற மாதிரிப் பள்ளங்கள். பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் இரும்பைத் தின்னும். இந்தப் பள்ளத்தில் புதுக் கப் போட்டிருந்தாலும் சில மாதம்தான் தாங்கும். புதிதைப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கத்திலிருந்து போட்டேன், அடுத்த முறை கழற்றுகிறவன் பாரைத் தொடத் தேவையில்லை. பின் இடது சில்லில் தொடங்கி நான்கிலும் பிறேக் குழாய்க்குள் நின்ற எயாரை எடுத்தோம். பெடலுக்குக் கொஞ்சம் சும்மா ஆட்டம் விட்டேன். அது இல்லாவிட்டால் ஒயில் திரும்பி வர வழியில்லாமல் பிறேக் பிடித்தபடியே நிற்கும்.

கைப்பிறேக் கேபிளையும் பார்த்தேன். நட்டில் புதிதாய் ஸ்பானர் பட்ட அடையாளம் இருக்கிறதா என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கிறீஸும் மண்ணும் அப்பிக் கிடந்தது, ஒன்றும் பிடிபடவில்லை.

சாமான் காசு மட்டும் தாங்கோ, கூலி வேண்டாம் என்றேன். “ஏன்?” என்று கேட்டார். பதில் வரவில்லை. முழுக்காசையும் எண்ணித் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பிறேக்கில் சந்தேகம் என்றால் எவரையும் ஓடவிடுவதில்லை. போன மாதம் ஒரு இளந்தாரிக்கும் அப்படித்தான் சொன்னேன். “அண்ணை பயந்தாங்கொள்ளி” என்று சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனான். இன்றைக்கும் அந்தக் கார் என் கராஜ் வாசலால்தான் போகிறது, கையும் காட்டுகிறான்.

மாஸ்டர் இன்னும் என்னிடம்தான் வருகிறார். எஞ்சின் ஒயில் மாற்றினாலும், பிளக் துடைத்தாலும், புறப்படுமுன் கேட்பார்: “இப்ப ஓடலாமோ தம்பி?” நான் ஒன்றும் சொல்லாமல் ஏறி இருந்து, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு முப்பது மட்டும் எண்ணுவேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நிற்பார்.