பழைய லாரியை ட்ரெய்லரில் ஏற்றும்போது சங்கிலி எங்கே விழ வேண்டும்

ட்ரெய்லரில் ஏற்றிய பழைய லாரி அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தாலும் வழி நெடுக ஆடிக்கொண்டேதான் வரும். பட்டை ஸ்ப்ரிங் அமுங்கி எழும், டயரில் காற்று இறங்கும், இறுக்கிய சங்கிலி தளரும். இந்த ஆட்டத்தைக் கணக்கில் வைத்துத்தான் ஒவ்வொரு சங்கிலியையும் கட்ட வேண்டும்.

முதலில் எடை. தகட்டில் பொறித்திருப்பதை நம்ப வேண்டாம். இத்தனை வருடத்தில் பாடி மாறியிருக்கும், எஞ்சினே மாறியிருக்கும். எடைமேடையில் முன் ஆக்ஸிலையும் (சக்கர அச்சு) பின் ஆக்ஸிலையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். பின் ஆக்ஸில் எடையை மொத்த எடையால் வகுத்து வீல்பேஸால் (இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே உள்ள தூரம்) பெருக்கினால், முன் ஆக்ஸிலிலிருந்து எத்தனை மீட்டர் பின்னால் பாரத்தின் மையம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மொத்தம் 6,000 கிலோ, பின் ஆக்ஸிலில் 2,700 கிலோ, வீல்பேஸ் 4 மீட்டர் என்றால் 1.8 மீட்டர். அந்தப் புள்ளி ட்ரெய்லர் ஆக்ஸில்களுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பந்துக் கொக்கியில் இழுக்கும் ட்ரெய்லரானால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்குவது சரி. குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும். கூடினால் இழுக்கும் வண்டியின் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு போகும்.

ஏற்றுவதற்கு, கம்பிக் கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச்தான் நல்லது. எஞ்சின் ஓடினாலும் சரிவில் கிளட்சையும் பழைய பிரேக்கையும் நம்பக் கூடாது. 15 டிகிரி சரிவில் 6,000 கிலோ லாரியை ஏற்ற 1,550 கிலோ இழுவிசை வேண்டும். சக்கர உராய்வையும் சேர்த்தால் 1,800 கிலோவை நெருங்கும். டயர் காற்றில்லாமல் சப்பையாகக் கிடந்தால் இன்னும் ஏறும். வின்ச்சில் எழுதியிருக்கும் திறன், உருளையில் கம்பிக் கயிறு ஒரே சுற்றடுக்காக இருக்கும்போதுதான் கிடைக்கும். அடுக்கு கூடக் கூட இழுவை குறையும். அதனால் தேவைக்கு இரு மடங்கு திறனுள்ள வின்ச் எடுங்கள், அல்லது கப்பி போட்டுக் கயிற்றை மடக்குங்கள். லாரி ஏற ஏற, பின் சக்கரத்துக்குப் பின்னால் நீளக் கைப்பிடி வைத்த முட்டுக்கட்டை நகர்ந்துகொண்டே வர வேண்டும். கம்பிக் கயிற்றின் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது.

இனி சங்கிலி. கடும் பிரேக் அடித்தால் லாரி தன் எடையில் 0.8 மடங்கு விசையோடு முன்னே பாயப் பார்க்கும் என்று வைத்துத்தான் கட்டுவது வழக்கம். பின்பக்கமும் பக்கவாட்டிலும் 0.5 மடங்கு. நம் 6,000 கிலோ லாரிக்கு முன்னோக்கி 4,800 கிலோ. கிரேடு 70 என்ற வலிமைத் தரத்தில், 3/8 அங்குலச் சங்கிலி ஒன்றின் வேலைச் சுமை (பாதுகாப்பாகத் தாங்கும் அளவு) சுமார் 3,000 கிலோ. பின் ஆக்ஸிலிலிருந்து பின்னோக்கி இரண்டு போட்டால் 6,000 ஆயிற்றே, போதும் என்று தோன்றும். ஆனால் சங்கிலி ட்ரெய்லர் தளத்தோடு 30 டிகிரி சாய்வாக இறங்கி, பக்கவாட்டிலும் 30 டிகிரி விரிந்தால், நேராகப் பின்னுக்குப் பிடிக்கும் பங்கு ஒவ்வொன்றிலும் 2,250 கிலோதான். இரண்டுக்கும் சேர்த்து 4,500; முந்நூறு குறைகிறது. ஆகவே மூன்றாவதாக ஒன்றை முன் ஆக்ஸிலிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். லாரி பின்னே நகராமல் முன்னோக்கி இழுக்கும் இரண்டு சங்கிலிகள் வழக்கம்போல் முன் மூலைகளில்.

தளத்துக்கும் டயருக்கும் நடுவே ரப்பர் விரிப்பு போட்டால் பிடிப்பு கூடும். ஆனால் உருளாத சக்கரத்துக்குத்தான் அந்தப் பிடிப்பு உதவும். பழைய லாரிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, கட்டையைத் தளத்தில் ஆணியடித்து நிறுத்துங்கள்.

கொக்கியை ஆக்ஸிலில் மாட்டுங்கள். சேஸிஸில் (ஸ்ப்ரிங்குக்கு மேலே இருக்கும் சட்டம்) மாட்டினால், பள்ளத்தில் ஸ்ப்ரிங் அமுங்கும் ஒரு நொடி சங்கிலி தொய்ந்து கொக்கி கழன்று விழும். வேறு வழியில்லாமல் சேஸிஸில்தான் கட்ட வேண்டுமென்றால், சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே மரக்கட்டை திணித்து ஸ்ப்ரிங்கை ஆடவிடாமல் செய்யுங்கள். பின் ஆக்ஸிலில் சங்கிலி சுற்றும் முன் விரலால் தடவிப் பாருங்கள்: பிரேக் எண்ணெய்க் குழாய் ஆக்ஸில் குழலை ஒட்டியே ஓடும், தூசியும் கிரீஸும் மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சங்கிலி அதை நசுக்கினால் இறக்கிய பிறகுதான் தெரியவரும். டை ராட், டிராக் லிங்க் என்ற ஸ்டியரிங் கம்பிகள், வார்ப்பிரும்புக் கொக்கிகள் எதிலும் மாட்ட வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, எச்சரிக்கை தராமல் உடையும். சங்கிலியை இறுக்க, பல்சக்கரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கும் ரேட்செட் பைண்டர் வாங்குங்கள். நெம்புகோல் பைண்டர் திருப்பி அடித்தால் கை முறியும், அதில் குழாய் சொருகி நீட்டுவது இன்னும் மோசம்.

பானட்டின் பக்க மூடிகளைக் கழற்றி கேபினுக்குள் வையுங்கள், கதவுகளைப் பட்டையால் கட்டுங்கள், பேட்டரி ஒயரைப் பிரித்துவிடுங்கள். உயரத்தை ஏற்றிய பிறகு அளந்து ஓட்டுநரிடம் எழுதிக் கொடுங்கள்.

கிளம்பி 15, 20 கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தி எல்லாச் சங்கிலியையும் இறுக்குங்கள். முதல் தளர்வு அங்கேதான் வரும். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. வழியில் ஒரு டயர் இறங்கியிருந்தால், அது வளையம் பூட்டும் பழைய வகை ரிம் என்றால், அங்கேயே காற்றடிக்க வேண்டாம். அழுத்தம் உரிய அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பூட்டு வளையம் இடம் பெயர்ந்திருக்கலாம். காற்றேறும்போது அது தெறித்து ஆளைக் கொல்லும் வலுவுள்ளது. அந்த மூலையில் ஆக்ஸிலுக்குக் கீழே கட்டை அடுக்கி, சங்கிலியை மறுபடி இறுக்கிக்கொண்டு போங்கள். சேர்ந்த இடத்தில் சக்கரத்தைக் கழற்றி, வளையத்தைப் பிரித்துப் பார்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கலாம்.

இறக்கும்போது வின்ச் கயிற்றை மாட்டி இறுக்கிய பிறகே முதல் சங்கிலியை அவிழ்க்க வேண்டும்.